செஸ்ஸில் கருப்புக் காய்க்கு வளைந்து கொடுக்கிற டிஃபன்ஸ் (கருப்பின் தொடக்க ஆட்டமுறை) எது? வேலூர் பக்கத்து ஆட்டக்காரர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்_குதிரை:

வணக்கம். ரேட்டிங் 1520. பகல் முழுக்கக் கடை, இரவு பத்து மணிக்கு மேல்தான் போர்டைத் திறக்க முடிகிறது. வெள்ளை வந்தால் பிரச்சினை இல்லை, லண்டன் சிஸ்டம் என்கிற ஒரே தொடக்க அமைப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஆடுவேன். கருப்பு வந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

1.இ4-க்கு (வெள்ளை முதல் மூவில் ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளினால்) இ5 ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் இத்தாலியன் வருகிறார், அடுத்தவர் ஸ்காட்ச், அதற்கடுத்தவர் வியன்னா, கடைசியில் ஒரு பொடியன் கிங்ஸ் காம்பிட் போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 1.டி4-க்கு நான் ஆடுவதற்குப் பெயரே கிடையாது. வேலூர், காட்பாடி பக்கம் ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் (வேக ஆட்ட) போட்டிகளுக்குப் போனால் எதிரில் உட்காருவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு மூவ் வரை யோசிக்காமலே அடிக்கிறார்கள். நான் ஐந்தாவது மூவிலேயே கிளாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளை எதை ஆடினாலும் நான் ஏறக்குறைய ஒரே மாதிரி காய் வைக்க வேண்டும். மனப்பாடம் குறைவாக இருக்க வேண்டும். அதற்காக டிராவுக்கென்றே உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கக் கூடாது. மாடர்ன், பிர்க், ஹிப்போ, காரோ-கான், பிரெஞ்ச் என்று எழுதி வைத்திருக்கிறேன். சிசிலியன் மட்டும் வேண்டாம், அதைப் படித்து முடிக்க இந்த ஜென்மம் போதாது.

ஆம்பூர்_நீர்யானை:

ஹிப்போ. வேறு பேச்சே வேண்டாம்.

ஜி6, பிஷப் ஜி7, டி6, இ6, பி6, பிஷப் பி7, குதிரைகள் டி7-லும் இ7-லும், அப்புறம் ஏ6, எச்6. வெள்ளை என்ன ஆடினாலும் இதேதான், எந்த வரிசையிலும் ஆடலாம். சிப்பாய்கள் ஆறாவது வரிசையிலேயே நிற்பதால் எதிரிக்கு இடிக்க ஒன்றும் கிடைக்காது. பொடியன்களின் மனப்பாடம் ஆறாவது மூவில் தீர்ந்துவிடும், அதன் பிறகு அவர்களும் நம்மைப் போலத்தான் முழிக்க வேண்டும். 1966 உலகச் சாம்பியன்ஷிப்பில் பெட்ரோசியனை எதிர்த்து ஸ்பாஸ்கி இரண்டு ஆட்டங்களில் இதைப் போட்டார். இரண்டும் டிரா. பெட்ரோசியனால் உடைக்க முடியாததை ஏழாங்கிளாஸ் பிள்ளை உடைக்குமா?

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

உடைக்கும் அண்ணா. "எந்த வரிசையிலும் ஆடலாம்" என்று சொன்னீர்களே, அங்கேதான் மாட்டுவீர்கள்.

1.இ4 ஜி6 2.டி4 பிஷப் ஜி7 3.குதிரை எஃப்3 டி6 4.பிஷப் சி4. இப்போது நீங்கள் பழக்கத்தில் குதிரையை டி7-ல் வைக்கிறீர்கள். 5.பிஷப் எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக். ராஜாவால் வெட்டினால் 6.குதிரை ஜி5 செக். ராஜா எஃப்6-க்கு ஏறினால் ராணி எஃப்3, மேட். இ8-க்கோ எஃப்8-க்கோ திரும்பினால் குதிரை இ6-ல் வந்து உட்காரும், உங்கள் ராணிக்கு ஓட ஒரு கட்டம்கூட இருக்காது. சொந்தப் பிஷப்பும் சொந்தக் குதிரையும்தான் அவளைச் சுற்றி அடைத்து நிற்கும். போர்டில் வைத்துப் பாருங்கள்.

இதைக் கோச்சிங் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சி4-ல் பிஷப்பைப் பார்த்ததும் முதலில் இ6 அல்லது குதிரை எஃப்6 ஆட வேண்டும், டி7 எல்லாம் பிறகு.

ஆம்பூர்_நீர்யானை:

சரி தம்பி, இ6 முதலில். அதற்காக ஹிப்போவே தப்பு என்று ஆகிவிடுமா?

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

தப்பு என்று சொல்லவில்லை. ஸ்பாஸ்கிக்கு எப்போது சி5 தள்ள வேண்டும், எப்போது எஃப்5 தள்ள வேண்டும் என்று தெரியும். நாம் காய்களை அழகாக அடுக்கிவிட்டு, பதிமூன்றாவது மூவில் ராஜாவை எச்7-க்கும் ஜி8-க்கும் நடக்க விட்டுக்கொண்டிருப்போம். வெள்ளை பொறுமையாக இடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தால் மூச்சு முட்டும்.

என் ஓட்டு மாடர்னுக்கு. 1...ஜி6 (மூன்று புள்ளி என்றால் கருப்பின் மூவ்), பிஷப் ஜி7, டி6, பிறகு ஏ6-உம் பி5-உம். ஸ்வீடன் கிராண்ட்மாஸ்டர் டைகர் ஹில்லார்ப் பெர்சன் பல வருடமாக ஆடி வருகிற முறை. வெள்ளை அமைதியாக வந்தால் பி5, பிஷப் பி7, சி5 என்று பக்கத்திலிருந்து மையத்தைக் கடிக்கலாம். சி4 ஆடினால் கிங்ஸ் இந்தியனுக்கு மாறலாம். குதிரை எஃப்6 ஆடினால் பிர்க். ஒரு கதவிலிருந்து நாலு அறைக்குப் போகலாம்.

ஒரே தொந்தரவு, பிஷப் இ3, ராணி டி2, பிஷப் எச்6, எச்4, எச்5 என்று நேராக ராஜாவை நோக்கி வருகிறவர்கள். அதற்கு மருந்து, கேஸ்லிங்கை (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்துக்கு நகர்த்துவதை)த் தள்ளிப்போடுவது. ராஜா ஜி8-க்குப் போகவே இல்லை என்றால் எச்-சிப்பாயை ஓட்டி என்ன பயன்?

சத்துவாச்சாரி_கோச்:

குடியாத்தம் நண்பரே, நீங்கள் இரண்டு வேறு பொருளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். வெள்ளை எதை ஆடினாலும் நான் இதையே ஆடுவேன் என்பது ஒன்று. வெள்ளை என்ன ஆடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய எனக்கு வழி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஹிப்போ முதல் வகை. அதில் முடிவெடுக்கும் வேலையே பத்தாவது மூவுக்கு மேல்தான் வருகிறது, அப்போது இடமும் இல்லை, ரேப்பிட்டில் நேரமும் இல்லை. மாடர்ன் உண்மையாகவே வளைந்து கொடுக்கும், ஆனால் அதில் சரியான நேரத்தில் சரியாகத் திரும்பத் தெரிய வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் நின்றால் சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று எந்தப் பக்கமும் வண்டி உண்டு. எங்கே போக வேண்டும் என்று தெரியாதவருக்கு அங்கே பிளாட்ஃபாரத்தில் உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடை முடித்து ராத்திரி ஒரு மணி நேரம் படிக்கிறவருக்கு நான் சொல்வது சி6. இ4-க்குக் காரோ-கான், டி4-க்கு ஸ்லாவ். திறப்புகள் வேறு, சிப்பாய் அமைப்பு ஒரே குடும்பம். சி6-ம் டி5-ம் தூண், வெள்ளைக் கட்டப் பிஷப் முதலில் வெளியே, அதன் பிறகு இ6. இந்த ஒரு வரிசையைக் கையில் ஏற்றிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. பிரெஞ்சில் கருப்புக்கு இருக்கிற பெரிய தலைவலி சி8 பிஷப் உள்ளே சிறைப்படுவது. காரோவில் அது வாசலுக்கு வந்துவிடுகிறது.

1.இ4 சி6 2.டி4 டி5. இங்கிருந்து வெள்ளை முட்டித் தள்ளினால் (3.இ5) பிஷப் எஃப்5. குதிரையை சி3-ல் வைத்தால் இ4-ஐ வெட்டி, அவர் குதிரையால் திருப்பி வெட்டியதும் மறுபடி பிஷப் எஃப்5, அவர் குதிரை ஜி3-க்கு வந்து அடித்தால் பிஷப் ஜி6. அவர் டி5-ல் மாற்றிக்கொண்டால் சி-சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பிறகு குதிரை சி6, குதிரை எஃப்6, பிஷப் ஜி4 எல்லாம் தானாக வரும்.

ஸ்லாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1.டி4 டி5 2.சி4 சி6 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.குதிரை சி3 என்று வந்ததும் காரோ நினைப்பில் பிஷப்பை உடனே எஃப்5-ல் வைத்துவிடாதீர்கள். அவர் டி5-ல் வெட்டிக்கொண்டு ராணி பி3 வருவார், பி7 சிப்பாய் அநாதையாக நிற்கும். முதலில் சி4-ஐ வெட்டுங்கள். அவர் உங்கள் பி5-ஐத் தடுக்க ஏ4 ஆடுவார், அப்போது பிஷப் எஃப்5. அவர் நாலாவது மூவில் இ3 ஆடித் தன் பிஷப்பைத் தானே அடைத்துக்கொண்டால் நீங்கள் தாராளமாக எஃப்5-க்குப் போகலாம்.

போட்வின்னிக் 1960, 61 இரண்டு உலகச் சாம்பியன்ஷிப் மேட்ச்சிலும் தால் மாதிரி ஒருவரை எதிர்த்துக் காரோ ஆடியிருக்கிறார். கார்போவும் வருடக்கணக்கில் ஆடினார். பெரியவர்களைக் காட்டி விற்பனை செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் நடுஆட்டம் புரியும், அதற்காகச் சொன்னேன்.

ராணிப்பேட்டை_அம்மா:

நான் ஆட்டக்காரி இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு அலைகிற அம்மா. ஆறாவது படிக்கிறாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் 1...இ6 என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் வளைந்து கொடுக்கிற வகைதானா? 2024 உலகச் சாம்பியன்ஷிப் முதல் ஆட்டத்தில் டிங் லிரன் கருப்பில் பிரெஞ்ச் ஆடித்தான் நம் குகேஷை ஜெயித்தார். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் ஆடுற ஓப்பனிங்லயே தோத்துட்டாரே" என்று அவளுக்கு வேறு வருத்தம்.

இன்னொன்று, காரோ-கான் பற்றிக் கோச் சார் சொன்னார். என் மகள் வெள்ளையில் காரோவுக்கு எதிராக ஆறே மூவில் ஒரு மேட் வைத்திருக்கிறாள், அதனால் கேட்கிறேன், அது ஆபத்தான ஓப்பனிங் இல்லையா?

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

அக்கா, அது ராணி இ2 மேட்தானே?

சத்துவாச்சாரி_கோச்:

அதேதான். 1.இ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3 டி-சிப்பாய் இ4-ஐ வெட்டும், 4.குதிரை திருப்பி வெட்டும். இங்கே கருப்பு பிஷப்பை வெளியே கொண்டுவராமல் 4...குதிரை டி7 ஆடினால் 5.ராணி இ2. பார்க்க அசட்டு மூவ் மாதிரி இருக்கும். கருப்பு அடுத்த குதிரையை எஃப்6-ல் வைத்தால் 6.குதிரை டி6, மேட். இ7 சிப்பாயால் வெட்ட முடியாது, பின்னால் ராஜா, முன்னால் வெள்ளை ராணி. பாப்பாவுக்கு என் பாராட்டு. 4...பிஷப் எஃப்5 ஆடுகிறவருக்கு இந்தத் தொல்லையே வராது, நான் அதைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

1...இ6 பற்றி. அது நல்ல தேர்வு அம்மா, வளைவதில் எல்லாவற்றையும் விட ஒருபடி மேல் என்றே சொல்வேன். 1.டி4 இ6 ஆடினால் வெள்ளை 2.இ4 என்று பிரெஞ்சுக்குள் வரலாம், 2.சி4 என்றால் நிம்சோ-இந்தியன் பக்கமோ குயின்ஸ் காம்பிட் பக்கமோ போகலாம். ஆனால் அந்தப் பக்கம் போகப் போகப் பாடம் பெருகும். வெள்ளை குதிரையை சி3-ல் வைக்காமல் எஃப்3-ல் வைத்தால் நிம்சோ கிடையாது, வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிற ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு அது வரம், வளர வளர உதவும். குடியாத்தம் நண்பருக்கு அது கடன். மகளை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஆரணி_பெரியவர்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஒருவர்கூட 1...டி6 பற்றிப் பேசவில்லையே.

நான் ஆடத் தொடங்கிய காலத்தில் வட ஆற்காடு ஒரே மாவட்டம். ஆரணி, திருவண்ணாமலை, திருப்பத்தூர் எல்லாரும் மாவட்டப் போட்டிக்கு வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரையே மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள், இப்போது ராணிப்பேட்டைக்காரரும் வேலூர்க்காரரும் மாவட்டப் போட்டியில் சந்திப்பதே இல்லை. அது இருக்கட்டும். அன்று எங்கள் பக்கம் ஓப்பனிங் புத்தகம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பாதி ஆட்டங்கள் புத்தகத்தில் எழுதிய வரிகளைத் தாண்டிவிடும். அதனால் எதிராளி படித்தது செல்லாத இடத்துக்கு அவரை இழுக்க வேண்டும் என்பதே எங்கள் யோசனை. 1...டி6 அதற்கென்றே இருக்கிறது.

1.டி4 டி6 2.சி4 இ5. வெள்ளை இ5-ல் வெட்டி, நாம் திருப்பி வெட்டி, அவர் ராணியை மாற்றிக்கொண்டால் நம் ராஜா டி8-ல் நிற்கும், கேஸ்லிங் போச்சு. எதிராளி பிள்ளைக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். ஆனால் பாருங்கள், ராணிகள் இல்லாத போர்டில் ராஜாவை யார் அடிக்கப் போகிறார்கள்? சி6 போட்டு ராஜாவை சி7-ல் உட்கார வைத்தால் அது வீட்டில் இருப்பது போலத்தான். அவர் சி-சிப்பாயை ஏற்கெனவே தள்ளிவிட்டதால் டி4 கட்டம் ஓட்டையாகிவிட்டது, நம் குதிரை ஒருநாள் அங்கே போய்ச் சேரும். அவசரக்கார இளம் பிள்ளைகளுக்கு ராணி இல்லாத ஆட்டம் பிடிப்பதில்லை. எண்ட்கேமில் ஐம்பது வயதுக்காரன் பதினொரு வயதுப் பிள்ளையை ஜெயிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது, தந்திரக் கணக்கில் இல்லை.

1.இ4 டி6 2.டி4 குதிரை எஃப்6 3.குதிரை சி3. இங்கே ஜி6 ஆடினால் எல்லாருக்கும் தெரிந்த பிர்க். நான் சி6 ஆடுவேன். வெள்ளை ஆசையாக எஃப்4 தள்ளினால் ராணி ஏ5. சி3 குதிரை ராஜாவின் முன் கட்டுண்டு நிற்கிறது, அதனால் இ4 சிப்பாயைக் குதிரையால் வெட்டப் போகிறேன் என்று மிரட்டல். அவர் பிஷப் டி3 என்று காத்தால் இ5 என்று மையத்தில் இடி.

1972-ல் ஃபிஷர் ஸ்பாஸ்கியை எதிர்த்து 17-வது ஆட்டத்தில் பிர்க் ஆடி டிரா செய்தார். இன்னும் பின்னால் போனால் 1850-களில் கல்கத்தாவில் மொஹேஷ்சந்திர பானர்ஜி, காக்ரேன் என்கிற ஆங்கிலேயரை எதிர்த்து டி6, ஜி6 என்று பிஷப்பை மூலையில் வைத்து ஆடியிருக்கிறார். ஐரோப்பாவில் அன்று பலருக்கு அது ஆட்டமாகவே தெரிந்திருக்காது.

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

ஐயா, மரியாதையோடு ஒன்று. பிர்க் என்றால் 1999-ல் விய்க் ஆன் ஸீ-யில் காஸ்பரோவ் டோபலோவை என்ன செய்தார் என்பதும் நினைவுக்கு வர வேண்டும். அந்த டி4 யானைப் பலியை இன்றும் நாங்கள் போட்டுப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். டோபலோவ் ஆடியதும் டி6, குதிரை எஃப்6, ஜி6, சி6 வகைதான். எஞ்சினும் (செஸ் கணிக்கிற கணினி நிரல்) இந்தப் பக்கம் போனாலே வெள்ளைக்குப் பாதி சிப்பாய் மதிப்புக்கு மேல் சாதகம் கொடுக்கிறது.

ஆரணி_பெரியவர்:

தம்பி, காஸ்பரோவ் குடியாத்தத்துக்கு வந்து ஆடப் போகிறாரா? எஞ்சின் கொடுக்கிற பாதி சிப்பாயை எதிராளி கையில் வாங்க வேண்டும். அதை வாங்கத் தெரிந்தவன் 1500-ல் ஏன் உட்கார்ந்திருக்கிறான்?

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

அங்கேதான் ஐயா இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024 மார்ச்சில் உலகச் செஸ் அமைப்பான ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-லிருந்து 1400-க்கு ஏற்றியது. அதனால் கீழே எல்லாரும் ஒரே கூட்டமாக நெருக்கி நிற்கிறார்கள். 1450 என்று போட்டிருக்கிற பிள்ளை நேற்று சேர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம், தினமும் நாலு மணி நேரம் கோச்சிங்கில் இருக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். யாருக்கு யார் எதிராளி என்று போடுகிற பேரிங் பலகையில் நம்பரைப் பார்த்து ஓப்பனிங்கை முடிவு செய்ய முடியாது.

சத்துவாச்சாரி_கோச்:

இந்த விஷயத்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியவர் சொன்ன ராணியில்லாத வரியை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம், அது திடமான ஆட்டம். என் சந்தேகம் வேறு. 1...டி6-ல் இ4-க்கு ஒரு அமைப்பு, டி4 சி4-க்கு வேறு அமைப்பு, டி4 குதிரை எஃப்3-க்கு பிஷப் ஜி4 என்று இன்னொன்று. முதல் மூவ் ஒன்றாக இருக்கிறதே தவிர ஆட்டங்கள் மூன்று. ஒரே மாதிரி சிப்பாய் அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால்தான் வாரம் சில மணி நேரம் மட்டும் இருப்பவருக்குக் கை பழகும்.

வாணியம்பாடி_யானை:

போட்டி நடத்துகிறவர்கள் முதலில் ஃபேன் வைக்கட்டும். மே மாதம் வேலூரில் தகரக் கூரை ஹாலில் உட்கார வைத்தால் காரோவாவது கீரோவாவது. நாலாவது ரவுண்டில் ஸ்கோர் ஷீட் வேர்வையில் ஊறிவிடும்.

நெறியாளர்:

நியாயமான குறைதான், ஆனால் அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே டிஃபன்ஸ் மட்டும்.

குடியாத்தம்_குதிரை:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பெரியவர் ஐயா சொன்ன வரியை இரவில் லிசெஸ் என்கிற ஆன்லைன் செஸ் தளத்தில் ஆடிப் பார்த்தேன், ராணியை மாற்றியதும் எதிராளி இரண்டு முறை டிரா கேட்டார், நல்ல வேடிக்கை. ஆனாலும் மனது காரோ பக்கம் சாய்கிறது. இரண்டு பயம் இருக்கிறது.

முதலாவது, 3.இ5 பிஷப் எஃப்5 என்றதும் 4.எச்4 ஆடுகிறார்கள். நான் பழக்கத்தில் இ6 ஆடினால் ஜி4, எச்5 என்று பிஷப்பைத் துரத்திப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது, டி5-ல் மாற்றிக்கொண்டு (எக்ஸ்சேஞ்ச்) சப்பென்று ஆடினால் ஜெயிப்பது எப்படி? என்னை விடக் குறைந்த ரேட்டிங் பிள்ளையிடம் டிரா செய்தால் ரேட்டிங்கும் போகும், மானமும் போகும்.

சத்துவாச்சாரி_கோச்:

4.எச்4-க்கு இ6 மட்டும் கூடாது. ஜி4 வரும், பிஷப் இ4 போனால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் எச்5, அங்கே பிஷப்புக்குச் சமாதி. பதில் 4...எச்5. அவர் ஜி4 தள்ளும் ஆசை அதோடு முடிந்தது. உங்கள் ஜி5 கட்டம் பலவீனமாகும், அவர் பிஷப்பையோ குதிரையையோ அங்கே வைப்பார், வைக்கட்டும். நீங்கள் இ6, சி5 என்று மையத்தைத் தட்டுங்கள். அவர் டி4-இ5 என்று சங்கிலி கட்டியிருக்கும்போதெல்லாம் சி5-தான் உங்கள் ஆயுதம். சி6-ல் நின்ற சிப்பாய் மறுபடி சி5-க்குப் போவதால் ஒரு மூவ் வீணாகிறதே என்று தோன்றும். பிஷப் வெளியே இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது.

இரண்டாவது பயம் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரோ ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் ஆர்வத்தை விடுகிறார்கள். 3.இ-சிப்பாய் டி5-ஐ வெட்டி, நாம் சி-சிப்பாயால் வெட்டினோம். 4.பிஷப் டி3 குதிரை சி6 5.சி3. இப்போது போர்டைப் பாருங்கள். வெள்ளைக்கு இ-சிப்பாய் இல்லை, நமக்கு சி-சிப்பாய் இல்லை. ராணிப் பக்கம் அவரிடம் ஏ, பி, சி, டி என்று நாலு சிப்பாய், நம்மிடம் ஏ, பி, டி என்று மூன்று. நம்முடைய மூன்றில் ஒன்றை, பி-சிப்பாயை, பி5, பி4 என்று கொண்டுபோய் அவருடைய சி3 மேல் மோதுங்கள். அவர் வெட்டினாலும் நாம் வெட்டினாலும் அவர் பக்கம் ஒரு சிப்பாய் தனியாக, காவலில்லாமல் நிற்கும். அதன் மேல் யானைகளை ஏற்றுங்கள். மைனாரிட்டி அட்டாக் என்று குயின்ஸ் காம்பிட்டில் வெள்ளை செய்வதை இங்கே கருப்பு செய்கிறது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை: 5...ராணி சி7 ஆடினால் அவருடைய கருப்புக் கட்டப் பிஷப் எஃப்4-ல் வந்து உட்காருவது கஷ்டம். குதிரை எஃப்6, பிஷப் ஜி4, இ6, பிஷப் டி6, குட்டி கேஸ்லிங். பிறகு யானை பி8, பி5. சப்பென்று ஆடுகிற பிள்ளைக்குத் திட்டம் எதுவும் இருக்காது, உங்களுக்கு இருக்கும். முப்பது மூவ் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை_அம்மா:

இதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் இனிமே எக்ஸ்சேஞ்ச் ஆடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். குடியாத்தம் சார், உங்களுக்கு எதிரில் அவள் உட்கார்ந்தால் 3.இ5 வரும், தயாராக இருங்கள்.

குடியாத்தம்_குதிரை:

ஐயோ அம்மா, எச்5-ஐ மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

1.சி4, 1.குதிரை எஃப்3 ஆடினால்? அதற்கும் சி6-தானா?

சத்துவாச்சாரி_கோச்:

1.சி4 சி6. அவர் 2.டி4 ஆடினால் டி5, ஸ்லாவ். 2.இ4 ஆடினால் டி5, அது காரோவில் பானோவ் என்கிற கிளைக்குப் போகிற வழி. 1.குதிரை எஃப்3-க்கு டி5, அவர் ஜி3 என்று மெதுவாக வந்தால் சி6, பிஷப் ஜி4 அல்லது எஃப்5, இ6. எல்லாம் அதே தூண், அதே வாசல்.

ஹாஸ்டல்_பிளிட்ஸ்:

லண்டனுக்கு மட்டும் சி6 வேண்டாம் அண்ணா, அது அவர்களுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். 1.டி4 டி5 2.பிஷப் எஃப்4 குதிரை எஃப்6 3.இ3 சி5 என்று ஒரே தாவாகத் தாவுங்கள், அடுத்து ராணி பி6. பிஷப் சி1-ஐ விட்டு வந்துவிட்டதால் பி2-வுக்குக் காவல் இல்லை. நீங்களே லண்டன் ஆடுகிறவர், எது எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியாதா?

குடியாத்தம்_குதிரை:

தெரியும் தம்பி, அந்த ராணி பி6 வந்தாலே எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். சரி, காரோவும் ஸ்லாவும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆரணி_பெரியவர்:

நல்லது. டி6 வரியை சில நிமிட பிளிட்ஸ் ஆட்டத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்_நீர்யானை:

ஹிப்போவைக் கடைசியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பரவாயில்லை. குடியாத்தம் சார், இன்று இரவு பத்தரைக்கு லிசெஸ்ஸில் வாருங்கள், பதினைந்து நிமிட ஆட்டம். நான் வெள்ளை, நீங்கள் காரோ. 3.எஃப்3 போடுவேன், பார்த்துக்கொள்வோம்.

குடியாத்தம்_குதிரை:

3.எஃப்3-ஆ? அதற்கு என்ன ஆடுவது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_கோச்:

பாதுகாப்பாக வேண்டுமென்றால் 3...இ6, அவர் குதிரை சி3 வைத்தால் பிஷப் பி4. கொஞ்சம் காரமாக வேண்டுமென்றால் இ4-ஐ வெட்டுங்கள், அவர் எஃப்-சிப்பாயால் வெட்டுவார், உடனே இ5. அவர் டி-சிப்பாயால் இ5-ஐ வெட்டினால் ராணி எச்4 செக். ஜி3 என்று மறைத்தால் இ4-ஐ வெட்டி மறுபடி செக், எச்1 யானை கையில் வந்துவிடும். அதனால் அவர் வெட்டாமல் குதிரை எஃப்3 ஆட வேண்டும்.

ஆம்பூர்_நீர்யானை:

சார், இதைப் பத்தரைக்குப் பிறகு எழுதியிருக்கக் கூடாதா?